மைசூரு அரண்மனைக் கூட்டத்தில் விதானம் பார்க்க ஒரு பைனாகுலர்: பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு ஓர் ஊர் போய்வரலாம் என்றால் முதலில் வாயில் வருவது மைசூருதான். விடிகாலையில் கிளம்பி ஓசூர், பெங்களூரு வழியாகப் போனால் முற்பகலில் அரண்மனை வாசலில் நிற்கலாம். தசராவிலும் பள்ளி விடுமுறையிலும் அங்கே எள் போட்டால் எள் விழாது. செருப்பை விட்டுவிட்டு உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும் வரை வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். அண்ணாந்து பார்க்க நின்றால் பின்னால் வருபவர் இடிப்பார். ஆனால் அந்தக் கட்டடத்தின் உயிர் முழுக்கத் தலைக்கு மேலேதான் இருக்கிறது: விதானக் கண்ணாடி, தூண்களின் தலைப்பகுதி, வளைவுகளுக்கு மேல் ஓடும் பூவேலை.

நெரிசலான ஊரில் பழைய கட்டடம் பார்க்கப் போகிறவர் முண்டியடித்துக் கிட்டே போவதில் பயனில்லை. ஓரமாக ஒதுங்கி நின்று, வேலைப்பாட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான கருவி பைனாகுலர். ஆனால் கடையில் ‘பெரிதாகக் காட்டும்’ என்று எடுத்துக் கொடுக்கும் 10 மடங்கு, 12 மடங்கு பைனாகுலர் இந்த வேலைக்கு ஒத்துவராது. பெருக்கம் குறைவாகவும், பார்வை அகலமாகவும், மிகக் கிட்டத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரியும்படியாகவும் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த கருவி அரிது. பென்டாக்ஸின் பாப்பிலியோ 2 வரிசையில் வரும் 6.5×21 அப்படிப்பட்டது. வண்ணத்துப்பூச்சி பார்ப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்த கருவி இது. சிற்பம் பார்ப்பவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான சின்ன பைனாகுலர் சொல்வது கடினம்.

எண்களை முதலில் புரிந்துகொண்டால் மற்றது எளிது. 6.5 என்பது பெருக்கம். 65 அடி உயரத்தில் இருக்கும் பொம்மை, 10 அடியில் இருந்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு தெரியும். 21 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 21ஐ 6.5ஆல் வகுத்தால் 3.2 வரும். கண் வைக்கும் துளை வழியாக வெளியே வரும் ஒளிக்கற்றையின் விட்டம் அது. பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும். ஆகவே வெளியில் நின்று கோபுரம் பார்க்க 3.2 தாராளம். அரையிருட்டு மண்டபத்தில் கண்மணி 5 மில்லிமீட்டருக்கு மேல் விரியும். அங்கே இந்தக் கருவி வெறும் கண்ணைவிடச் சற்று மங்கலாகவே காட்டும். இது இதன் உண்மையான குறை. எங்கே அது உறைக்கும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

பார்வைக் கோணம் 7.5 டிகிரி. 60 மீட்டர் தள்ளி நின்றால் ஏறக்குறைய 8 மீட்டர் அகலம் ஒரே பார்வையில் அடங்கும். மைசூரு அரண்மனை முகப்பின் நடு வளைவும் அதன் மேலிருக்கும் கஜலட்சுமி சிற்பமும், இன்னொன்றைத் தேடி அலையாமல், ஒரு சின்ன அசைவில் கண்ணுக்குள் வரும். சாதாரண 10×25 கையடக்க பைனாகுலரில் கோணம் பெரும்பாலும் 5 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதே இடத்திலிருந்து 5 மீட்டர் சொச்சம்தான் தெரியும். கூட்டத்தில் நிற்க நேரம் குறைவு. தேடுவதிலேயே அந்த நேரம் போய்விடும்.

கை நடுக்கமும் பெருக்கத்தோடு சேர்ந்து பெருகும். 10 மடங்கில் நடுக்கமும் 10 மடங்கு. பின்னால் இருப்பவரின் தோள் லேசாகப் பட்டாலே படம் குதிக்கும். 6.5 மடங்கில் அதே இடி தாங்கிக்கொள்ளும் அளவில் இருக்கும். வயதானவர்களுக்கு வாங்குவதானால் இந்த ஒரு காரணத்துக்காகவே பெருக்கம் குறைந்ததை எடுக்கலாம்.

அடுத்தது இதன் தனிச் சிறப்பு. சாதாரண பைனாகுலர் 2 அல்லது 3 மீட்டருக்குக் கிட்டே வந்தால் திணறும். ஃபோகஸ் கிடைத்தாலும் இரண்டு கண்ணிலும் இரண்டு வட்டம் தனித்தனியாகத் தெரியும். இரண்டு முன் லென்ஸ்களும் நேராகவே பார்த்துக்கொண்டிருப்பதுதான் காரணம். நாம் மூக்கு நுனியைப் பார்த்தால் கண்கள் உள்பக்கம் திரும்பும் அல்லவா, அதை அவற்றால் செய்ய முடியாது. பாப்பிலியோவில் ஃபோகஸ் சக்கரத்தைக் கிட்டப் பார்வைக்குத் திருப்பத் திருப்ப, முன் லென்ஸ்கள் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. அதனால் அரை மீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூட இரு கண்ணாலும் ஒரே படமாக, ஆழத்தோடு பார்க்கலாம். அரை மீட்டரில் ஆறரை சென்டிமீட்டர் அகலம்தான் தெரியும். ஒரு நடுகல் எழுத்தின் வெட்டு ஆழம், உளி விட்டு எடுத்த பக்கம் எது என்பதெல்லாம் பிடிபடும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களில் இதைச் சோதித்துப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும் கல்லாகத் தேர்ந்தெடுத்தால் நன்றாகத் தெரியும்.

இரண்டு முன் லென்ஸுக்கும் சேர்த்து முன்னால் ஒரே தட்டைக் கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே லென்ஸ் நகர்வதால் தூசி போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. கோயில், அரண்மனை என்று சுற்றுபவருக்கு இது பெரிய உதவி. விபூதித் தூளும் கற்பூரப் புகையும் படிந்தால் ஒரு தட்டைத் துடைத்தால் போதும், மூலை முடுக்கு இல்லை. எடை 300 கிராமுக்குள். நாள் முழுக்கக் கழுத்தில் கிடந்தாலும் தெரியாது. 8×42 போன்ற முழு அளவு பைனாகுலர் இரு மடங்குக்கு மேல் கனக்கும். மாலைக்குள் பைக்குள் போய்விடும். பைக்குள் போன பைனாகுலரை நெரிசலில் யாரும் திரும்ப எடுப்பதில்லை.

புறப்படும் முன் ஊரிலேயே கண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்து வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே போய் வரிசையில் நின்றுகொண்டு திருகினால் ஆகாது. முதலில் கண் வைக்கும் பகுதிகளை அகட்டியும் நெருக்கியும் பார்த்து, இரண்டு வட்டம் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடி போடாதவர்கள் ரப்பர் வளையத்தைத் திருகி வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் முழுக்க உள்ளே தள்ளிவிட வேண்டும். கண்ணுக்கும் கருவிக்கும் இடையே 15 மில்லிமீட்டர் வரை இடம் கொடுத்திருக்கிறார்கள். மெல்லிய ஃபிரேம் போட்டவர்களுக்கு முழு வட்டமும் தெரியும். தடித்த ஃபிரேம் என்றால் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும்.

அதன் பிறகு இடது வலது கண் வித்தியாசம். கிருஷ்ணகிரி ரவுண்டானா ஓரம் நின்று எதிர்ப்புறக் கடை போர்டைப் பாருங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணுக்கு எழுத்து கூர்மையாகும் வரை நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். வளையம் நின்ற இடத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டால், பையில் உரசித் திரும்பினாலும் மறுபடி அங்கே கொண்டுவரலாம். பைனாகுலரில் பார்த்தால் தலை வலிக்கிறது என்பவர்களில் பலர் இந்த வளையத்தைத் தொட்டதே இல்லை. சரிசெய்தபின் தலையைத் தூக்கி சையத் பாட்சா மலையைப் பாருங்கள். கோட்டைச் சுவர் பாறை விளிம்பை ஒட்டி எங்கே ஏறுகிறது, பாறையே சுவராக நிற்பதால் கட்டாமல் விட்ட இடம் எது என்பது கீழிருந்தே தெரியும்.

ஃபோகஸ் சக்கரத்துக்குக் கை பழக வேண்டும். அரை மீட்டரிலிருந்து வெகுதூரம் வரை ஒரே சக்கரம் என்பதால் நிறையத் திருப்ப வேண்டியிருக்கும். கிட்டத்துச் சிற்பம் ஒன்றைப் பார்த்துவிட்டு உடனே கோபுர உச்சிக்குப் போனால், படம் வர நேரமாகிறது என்று எரிச்சல் வரும். ஒரு இடத்தில் தூரத்தில் இருப்பதை எல்லாம் முதலில் முடித்துவிட்டு, கடைசியில் கிட்டே வருவது நல்ல பழக்கம்.

இப்போது மைசூரு. அரண்மனை கிழக்குப் பார்த்தது. காலை வெயில் முகப்பில் நேராக விழும். சாம்பல் நிறக் கருங்கல்லும் இளஞ்சிவப்புப் பளிங்குக் குவிமாடங்களும் தனித்தனி நிறமாகப் பிரிந்து தெரிவது அப்போதுதான். பிற்பகலில் சூரியன் கட்டடத்தின் பின்னால் இறங்கும். முகப்பு முழுக்க நிழல், கோபுர விளிம்பில் கூசும் வெளிச்சம். அந்த நேரத்தில் கோபுர உச்சியைத் தேடி பைனாகுலரை நகர்த்தும்போது சூரியன் ஒரு நொடி உள்ளே வந்தாலும் விழித்திரை கருகிப்போகும். திரும்ப வராது. குழந்தைகள் கையில் கொடுக்கும்போது இதை மறக்கவே கூடாது.

நிற்கும் தூரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கட்டடத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்றால் உச்சியைப் பார்க்க 34 டிகிரி அண்ணாந்தால் போதும். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் 27 டிகிரி. அதற்குக் கிட்டே போகப் போகக் கழுத்தும் கையும் ஓய்ந்துவிடும், சுதையின் கீழ் விளிம்பு மேலே இருப்பதை மறைத்தும்விடும். அரண்மனையின் நடுக் கோபுரம் 145 அடி. ஆகவே 220 அடியிலிருந்து 290 அடி வரை தள்ளி, முன் மைதானத்தில் நிற்க வேண்டும். நல்ல வேளையாக மைதானம் பெரியது. படம் எடுப்பவர்கள் மொத்தமும் முகப்புக்குக் கிட்டேயோ நடுவாசலுக்கு நேராகவோ மொய்ப்பார்கள். சற்றுத் தள்ளி மூலையில் நின்றால் இடிக்க ஆள் இல்லை. அங்கிருந்து வளைவுகளின் வரிசை, மேல்தளத் தூண்கள், குவிமாடத்துக்குக் கீழே சுற்றி வரும் கொடுங்கை (வெளியே நீட்டிய கூரை விளிம்பு) என்று கீழிருந்து மேலாகப் படிப்படியாகப் பார்த்துக்கொண்டு போகலாம். மேலிருந்து கீழே பார்த்தால் எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்பது தொலைந்துவிடும்.

முகப்பில் இந்து, முகலாய, ராஜபுத்திர, கோதிக் கூறுகள் எல்லாம் கலந்திருப்பதை இப்படிப் பார்க்கும்போது கண்ணாலேயே பிரித்தெடுக்கலாம். கட்டியவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் அவர் கை உண்டு. இரண்டையும் பார்த்தவர்களுக்குக் குவிமாடங்களில் உறவு தெரியும். 1897இல் ஒரு கல்யாணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்துபோன பிறகு, 1912இல் முடிந்த கட்டடம் இது. உள்ளே எங்கு பார்த்தாலும் கல்லும் இரும்புமாக இருப்பதைப் பார்க்கும்போது இந்த வரலாற்றையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே போனால் முதலில் நிற்க வேண்டிய இடம் எண்கோணக் கல்யாண மண்டபம். வார்ப்பிரும்புத் தூண்களும் வண்ணக் கண்ணாடி விதானமும் கிளாஸ்கோவில் செய்து கொண்டுவந்தவை. விதானம் முழுக்க மயிலும் பூவும். எல்லோரும் அண்ணாந்து ஒரு முறை பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து நகர்ந்துவிடுவார்கள். பாப்பிலியோ இங்கேதான் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. மேலிருந்து பகல் வெளிச்சமே கண்ணாடி வழியாக வருவதால் மங்கல் பிரச்சினை இல்லை. தூரத்திலிருந்து ஒரே ஓவியமாகத் தெரிந்தது, கருவியை வைத்தவுடன் துண்டு துண்டான கண்ணாடியாகப் பிரியும். துண்டுகளைப் பிடித்திருக்கும் கருங்கோடுகள் ஓவியத்தின் கோடுகளாகவும் வேலை செய்வது தெரியும். இறகு எங்கே முடிகிறதோ அங்கேயே கோடும் போகும். அதையும் தாண்டி, மொத்த விதானத்தையும் தாங்கும் இரும்புச் சட்டங்கள் தூணின் தலையிலிருந்து புறப்பட்டு நடுவில் கூடுவதைத் தொடர்ந்துகொண்டே போகலாம். ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து அடியிலிருந்து உச்சி வரை ஒரே ஓட்டமாகப் பார்த்தால் அந்த மண்டபத்தின் கட்டுமானம் முழுக்க விளங்கிவிடும்.

நிற்பதுதான் சிக்கல். ஒகேனக்கல்லில் ஓடும் தண்ணீரில் பாறைக்குப் பின்னால் பரிசல் அசையாமல் நிற்கும். அதே மாதிரி வரிசை நகரும் திசையில் தூணைத் தாண்டியதும் அதன் மறுபக்கம் ஒரு ஆள் நிற்கும் இடம் இருக்கும். அங்கே நின்றால் யாரும் தள்ள மாட்டார்கள். ஓவியம் தீட்டிய சுவரிலும் கதவிலும் சாய்ந்துவிடக் கூடாது. முழங்கைகளை மார்போடு ஒட்டிக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபின் பார்த்தால் சாய்மானம் இல்லாமலேயே படம் நிற்கும். மண்டபத்துச் சுவரைச் சுற்றியிருக்கும் தசரா ஊர்வல ஓவியங்களுக்கும் இதே இடம் போதும். கிட்டே போக முண்ட வேண்டாம், யானை அம்பாரியின் வேலைப்பாடு எதிர்ச் சுவரிலிருந்தே தெரியும்.

மேலே தர்பார் மண்டபத்தில் வெளிச்சம் ஒரு பக்கம் திறந்து வருவதால் தூண் வரிசையின் ஓரத்திலிருந்து விதானம் பார்க்கலாம். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றால் கண் கூசாது. அரசரின் தனி தர்பாரான அம்பா விலாசத்தில் கூட்டம் அதிகம் நெருங்கும். அங்கே தூண்களின் தலைப்பகுதியை மட்டும் குறிவைத்துவிட்டு நகர்வது நல்லது.

ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களில் மாலை மின்விளக்கு அலங்காரம் உண்டு. ஒரு லட்சத்துக்குச் சற்றே குறைவான பல்புகள். இதற்கு பைனாகுலர் தேவையில்லை. பல்புகளின் வெளிச்சத்தில் உள்ளே பொய்ப் புள்ளிகள் தெரியும், கல் வேலை ஒன்றும் பிடிபடாது. கண்ணால் பார்க்க வேண்டிய காட்சி அது.

நகரத்திலேயே புனித பிலோமினா தேவாலயம் இருக்கிறது. 1933இல் அடிக்கல் நாட்டிய நவகோதிக் கட்டடம். இரட்டைக் கூர்கோபுரம் 175 அடி. 260 அடி தள்ளி நின்றால் கூர்முனை வரை ஏறும் சின்னச் சின்னத் தூபிகள் தெரியும். அதற்குள் வெகுநேரம் செலவாகாது.

மங்கல் குறை உறைக்கும் இடம் சீரங்கப்பட்டணம் தரியா தௌலத் பாக். 1784இல் திப்பு கட்டிய தேக்கு மரக் கோடைமாளிகை. ஓவியங்களில் வெயில் படாமல் இருக்கத் திரை தொங்கவிட்டிருப்பார்கள். மேற்குச் சுவரில் பொள்ளிலூர் போர் ஓவியம். 1780இல் காஞ்சிபுரத்துப் பக்கம் நடந்த போர் அது. பிறகு 1792 உடன்படிக்கையில் நம் பாராமகால் (கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பகுதி) கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், கைக்குப் போகும் வரைக்குமான கதையின் தொடக்கங்களில் ஒன்று. கிருஷ்ணகிரிக்காரர்கள் இதைப் பார்க்காமல் வரக் கூடாது. ஓவியம் தலைக்கு மேலேயும் நெடுக ஏறிப் போகிறது. கீழ்ப் பகுதி வெறும் கண்ணுக்கே எட்டும். மேல் வரிசைகளுக்குத்தான் கருவி வேண்டும். திரைக்குப் பின்னாலிருக்கும் அரைவெளிச்சத்தில் பாப்பிலியோ மேல் வரிசை நிறங்களை ஒரு படி இறக்கித்தான் காட்டும். நண்பகலை ஒட்டிப் போனால் பரவாயில்லை, மாலை ஐந்து மணிக்குப் போனால் ஏமாற்றம்தான். கண் இருட்டுக்குப் பழக இரண்டு மூன்று நிமிடம் கொடுத்தபின் கருவியை எடுத்தால் கூடுதலாகத் தெரியும். கும்பினிப் படை கட்டிய சதுர வியூகம், வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, பல்லக்கில் கும்பினித் தளபதி கர்னல் பெய்லி என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பது தனி சுகம்.

பாப்பிலியோவின் முழு வீச்சும் தெரிவது சோமநாதபுரத்தில். மைசூருவிலிருந்து 35 கிலோமீட்டர் சொச்சம். 13ஆம் நூற்றாண்டு ஹொய்சளர் கேசவர் கோயில். வெளியே நட்சத்திர வடிவ மேடை. அதன் மேல் நடந்துகொண்டே சுவரைப் பார்க்கலாம். அடியில் யானை வரிசை, அதன் மேல் குதிரை, பிறகு கொடி, பிறகு புராணக் காட்சி, மகரம், அன்னம். அதற்கு மேல்தான் பெரிய சிற்பங்கள். எல்லாம் மாக்கல். வெட்டும்போது மிருதுவாக இருந்து பிறகு இறுகும் கல் என்பதால் நூல் அளவு வேலையும் செய்ய முடிந்தது. கூட்டம் நகர இடம் விட்டு மேடையின் விளிம்பை ஒட்டி 3 மீட்டரில் நின்றால் 39 சென்டிமீட்டர் அகலம் தெரியும். ஒரு சிற்பத்தின் முகமும் கிரீடமும் அதற்குள் அடங்கும். கழுத்து ஆரத்தைக் கவனியுங்கள். பல இடங்களில் ஆரம் மார்போடு ஒட்டிய கல்லாக இல்லை. பின்னால் குடைந்து எடுத்திருப்பதால் ஆரத்துக்கும் மார்புக்கும் நடுவே நிழல் விழும். இரு கண்ணாலும் பார்க்கும்போதுதான் அந்த இடைவெளி இடைவெளியாகத் தெரியும். போன் படத்தில் அது ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். சிற்பத்தின் பீடத்தில் கன்னட எழுத்தில் செதுக்கியவர் பெயரையும் காணலாம். மல்லிதம்மா என்ற சிற்பியின் பெயர் பல சிற்பங்களில் இருக்கிறது. தரைக்குக் கிட்டே இருக்கும் அந்த எழுத்துகளைக் குனியாமல், மற்றவர் காலில் இடறாமல், நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம்.

உள்ளே மண்டபத்தில் 16 விதானங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு. வாழைப்பூ தொங்கும் வடிவம் எல்லோர் கண்ணிலும் படும். இருட்டு அதிகம் என்பதால் வாசலுக்குக் கிட்டே இருக்கும் விதானங்களில் தொடங்கி உள்ளே போங்கள். உட்புறத்து விதானங்களுக்கு 8×42 இருந்தால் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஒளிக்கற்றை கிடைக்கும், வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஆனால் அதை வைத்துக்கொண்டு வெளிச் சுவரை 1 மீட்டரில் பார்க்க முடியாது. இரண்டில் ஒன்று என்றால் எங்கள் தீர்ப்பு பாப்பிலியோதான்.

முக்காலி மாட்டும் துளை அடியில் இருக்கிறது. ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும். கூட்டத்தில் விரிக்கவும் முடியாது. வாங்கும்போது அதற்காகச் செலவு செய்ய வேண்டாம். மதுரை மீனாட்சி அம்மன் கோயில் போன்று போனுக்குத் தடை இருக்கும் இடங்களில் காவலர்கள் பைனாகுலரையும் கேமரா என்று நினைத்து நிறுத்தலாம். பேட்டரியும் இல்லை, படமும் எடுக்காது என்று திறந்து காட்டிப் பேசிப் பார்க்கலாம். விடாவிட்டால் வாக்குவாதம் வேண்டாம். தெற்குக் கோபுரம் 170 அடி. 250 அடி தள்ளி வெளியே தெருவில் நின்றே சுதை வேலையைப் பார்க்கலாம்.

ஊரிலேயே பயன்படுத்த தருமபுரி கோட்டைக் கோயில்கள் போதும். இந்தப் பகுதியை ஆண்ட நுளம்பர் காலத் தூண்களின் மெருகும் கடைசல் வளையங்களும் 1 மீட்டரில் பார்க்க வேண்டியவை. தரையைத் தொடாமல் நிற்கும் தூணைப் பார்க்க வருகிறவர்கள் அடியில் துணி விட்டு இழுப்பதோடு போய்விடுகிறார்கள். அந்தத் தூண் மேலே உத்தரத்தோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதைப் பார்ப்பதுதான் விஷயம்.

வாங்கும்போது எதை வாங்கக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். சுற்றுலாத் தலங்களில் ‘30×60’, ‘50×50’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்த, சிவந்த கண்ணாடி பைனாகுலர்களை விற்பார்கள். ஒரு ஸ்கேலை எடுத்து முன் லென்ஸின் குறுக்களவை அளந்தாலே 60 மில்லிமீட்டர் இருக்காது. உண்மையான பெருக்கத்தையும் கண்டுபிடிக்கலாம். கருவியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வானத்தை நோக்கிக் காட்டுங்கள். கண் வைக்கும் கண்ணாடியில் ஒரு சின்ன வெள்ளை வட்டம் தெரியும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, முன் லென்ஸின் விட்டத்தை அதனால் வகுத்தால் வருவதுதான் பெருக்கம். வட்டம் முழு வட்டமாக இல்லாமல் நான்கு பக்கமும் வெட்டிய மாதிரி இருந்தால் உள்ளிருக்கும் பட்டகம் (பிரிசம்) மலிவு ரகம். சிவப்புப் பூச்சு செம்மஞ்சள் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அதில் பார்த்தால் பளிங்கும் சுதையும் பச்சை அடித்துத் தெரியும்.

பாப்பிலியோ 8.5×21 என்று இன்னொன்றும் உண்டு. எண் பெரிது என்று அதை எடுத்துவிடாதீர்கள். ஒளிக்கற்றை 2.5 மில்லிமீட்டராகக் குறையும், கோணம் 6 டிகிரியாகச் சுருங்கும். கட்டடத்துக்கு 6.5தான். நம் ஊர்க் கண்ணாடிக் கடைகளில் இது கையோடு கிடைக்கும் பொருள் அல்ல. பெங்களூருவிலோ இணையத்திலோ வாங்குவதானால் கையில் வந்ததும் மூன்று சோதனை செய்யுங்கள். தூரத்தில் மின்கம்பத்தின் குறுக்குச் சட்டத்தைப் பார்த்து, கருவியை மெல்லக் கண்ணிலிருந்து பின்னுக்கு நகர்த்துங்கள். இரு பக்கமும் சட்டம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தால் அச்சு விலகியிருக்கிறது. அரை மீட்டரில் செய்தித்தாளைப் படித்துப் பாருங்கள், எழுத்து இரண்டாகத் தெரியக் கூடாது. ஃபோகஸ் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பும்போது எங்கும் சொருகாமல் ஒரே இறுக்கத்தில் போக வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இது தண்ணீர் புகாத கருவி அல்ல. ஒகேனக்கல் பரிசலில் வெளியே எடுக்காதீர்கள். உள்ளே ஈரம் போனால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சுத்தம் செய்யும் செலவு கருவி விலையைத் தொடும். மழை நாளில் நனைந்த பையிலிருந்து உடனே வெளியே எடுத்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள், வெயிலில் வேண்டாம். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்தால் நல்லது. ஸ்ட்ராப்பை மார்பு உயரத்துக்குக் குறுக்கிக்கொள்ளுங்கள். இடுப்பு வரை தொங்கினால் குனியும்போது கல்லில் மோதும், அப்படி ஓரிரு மோதலிலேயே அச்சு விலகிவிடும். தூசி படிந்தால் வேட்டி நுனியால் துடைக்கக் கூடாது. கல் தூசி கண்ணாடியைக் கீறும். முதலில் ரப்பர் பலூனால் ஊதி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அதன் பிறகும் எண்ணெய்க் கறை இருந்தால் மட்டும் லென்ஸ் திரவம் ஒரு சொட்டு மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும்.

சிறு குழந்தைகளுக்குக் கண் இடைவெளி குறைவு என்பதால் முழுக்க நெருக்கினாலும் இரண்டு வட்டமாகத் தெரியலாம். அவர்களுக்கு ஒரு கண்ணால் பார்க்கும் சின்ன மோனாகுலர் வேறு வாங்கிக் கொடுங்கள். தூரத்துப் பறவைக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் 8×32 பக்கம் போவது நல்லது. கிருஷ்ணகிரி அணைக்கரையில் எதிர்க்கரை நாரையை 6.5 மடங்கில் அடையாளம் காண்பது கடினம்.